கோட்டையூரில் எடுத்த சாவுக் காட்சி

அன்று அந்த வீட்டுக்குள் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

கதிரேசன். கதை, டைரக்சன் இரண்டும் அவன்தான். அரசாங்க ஆபீசில் கிளார்க். ஞாயிற்றுக்கிழமை மட்டும் டைரக்டர்.

ரவி. எலக்ட்ரீசியன். லைட் பிடிக்க வந்தவர்.

ஒப்பாரி பாடுகிற பெண்கள் நாலு பேர். அதில் மூத்தவரை மற்ற மூவரும் பெரியாத்தா என்றார்கள். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம்.

சங்கு ஊதுகிறவர். வாசலில், நிலையை ஒட்டி நின்றார்.

கருப்பையா அண்ணன். அந்த வீட்டைக் காவல் பார்க்கிறவர். பேரை மாற்றித்தான் சொல்கிறேன். பிணமாக பெஞ்சில் படுத்திருந்தார்.

நான். தோளில் கேமரா.

மொத்தம் ஒன்பது பேர். பத்தாவதாக ஒரு பெண் வந்தாள். அவளை யாரும் கூப்பிடவில்லை.

குறும்படம் எடுக்கிற பிள்ளைகள் நீங்கள் எட்டுப் பத்துப் பேர் சேர்ந்து, தொழிலில் நடந்ததை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டீர்கள். நல்லதாக நாலு எழுதலாம். மழையில் நனைந்த கேமராவை அரிசிப் பானைக்குள் வைத்துக் காயவைத்த கதை இருக்கிறது. ஜெனரேட்டர் நின்றுபோய், கார் ஹெட்லைட்டில் முழு வரவேற்பையும் எடுத்த கதை இருக்கிறது. அதெல்லாம் டீக்கடையில் சொல்லிக்கொள்ளலாம். எழுதுவது என்றால் இதைத்தான் எழுத வேண்டும். ஏன் என்று கடைசியில் தெரியும்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நீங்கள் இப்போது போனில் எடுத்து போனிலேயே போட்டுவிடுகிறீர்கள். நாங்கள் கேசட்டில் எடுத்து கேபிளில் போட்டோம். காரைக்குடியில் கேபிள் நடத்துகிறவர், ஞாயிற்றுக்கிழமை காலையில் அரை மணி நேரம் உள்ளூர்ப் படம் போடுவார். அவர் கடையிலிருந்து வயர் போகிற வீடுகளில் மட்டும் தெரியும். எங்களுக்கு அதுவே பெரிய ஊர்.

எனக்குத் தொழில் கல்யாண வீடியோ. காரைக்குடியில் சின்னதாக ஒரு கடை. படிப்பு எட்டாவது. கதை எழுதவெல்லாம் தெரியாது. கேமரா என்னுடையது, அதனால் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

கதிரேசனின் கதை இதுதான். பெரிய வீடு ஒன்று. சொந்தக்காரர்கள் எல்லோரும் வெளியூரில். வாழ்நாள் முழுக்க வீட்டைக் காவல் காத்தவர் செத்துப்போகிறார். ஒருத்தரும் வரவில்லை. கூலிக்கு அழ வந்தவர்கள் அழுதுவிட்டுப் போகிறார்கள். அவ்வளவுதான் கதை. நல்ல கதை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

வீடு கோட்டையூரில் கிடைத்தது. கருப்பையா அண்ணனிடம் சாவி இருந்தது. சென்னையில் இருக்கிற வீட்டுக்கார ஆச்சிக்கு கதிரேசன் போன் போட்டுக் கேட்டான். "செவத்துல ஆணி அடிக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னார்களாம். என்ன காட்சி எடுக்கப் போகிறோம் என்று இவனும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

பிணமாக நடிக்க ஆள் கிடைக்கவில்லை. கேட்டவர்கள் எல்லாம் வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று போனார்கள், திரும்பி வரவில்லை. கருப்பையா அண்ணனே, "நான் படுக்குறேன் தம்பி. எப்படியும் மத்தியானம் இந்த நேரத்துக்கு நான் படுக்குறதுதான" என்றார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்களிடம் டப்பிங் கிடையாது. காட்சியும் சத்தமும் கேமராவிலேயே சேர்ந்து ஏறும். தெருவில் பஸ் ஹாரன் அடித்தால் அது பிணத்தின் மேல் கேட்கும். அதற்கு முந்தின படத்தில், ஷூட்டிங் என்று ஊருக்குத் தெரிந்து கூட்டம் கூடிவிட்டது. அழுகிற காட்சியில் பின்னால் ஒருத்தன் "அக்கா, இங்குட்டுப் பாரு" என்று கத்தினான். நாள் முழுக்க எடுத்த டேப் வீண். அதிலிருந்து நான் ஒரு விதி வைத்தேன். எங்கே எடுக்கிறோம், என்ன எடுக்கிறோம் என்று ஒருத்தரிடமும் மூச்சு விடக் கூடாது. கேமராவைக் கோணிச் சாக்கில் சுற்றி, அரிசி மூட்டை மாதிரி கேரியரில் கட்டிக்கொண்டு போவேன்.

அந்த விதி என்னுடையது. கதிரேசனுடையது இல்லை.

அன்றைக்கும் அப்படித்தான் போனோம். தெருவில் யாருக்கும் தெரியாது. ஒப்பாரிக்கு வந்தவர்கள் பஸ் விட்டு இறங்கி, எதிரில் இருந்த டீக்கடையில் வழி கேட்டிருக்கிறார்கள். கருப்பையா அண்ணன் இருக்கிற வீடு எது என்று. நாலு பெண்கள், கூட சங்கு ஊதுகிறவர். டீக்கடைக்காரர் கையால் காட்டினாராம். பிறகு ரொம்ப நேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாராம்.

கருப்பையா அண்ணனைக் குளிப்பாட்டி, வேட்டி மாற்றி, நெற்றியில் திருநீறு பூசி ஒரு ரூபாய் நாணயம் ஒட்டினோம். தாடையைச் சேர்த்துத் துணி கட்டினோம்.

"மூக்குல பஞ்சு வேணாம் தம்பி. தும்மல் வந்துரும்."

"தும்முனா ஊரே ஓடிரும்ணே" என்றார் ரவி.

"நெத்தியில இருக்க காசு எனக்குத்தான? அதைச் சொல்லிருங்க முதல்ல."

"செத்தவுகளுக்கு என்னத்துக்குக் காசு? பேசாமப் படுங்க" என்றார் பெரியாத்தா.

பெரியாத்தாவிடம் கதிரேசன் காகிதத்தைப் பார்த்துக் கதையைச் சொன்னான். இறந்தவர் பேர் சாமிநாதன் என்றான்.

"யாரு சாமிநாதன்?"

"கதையில வர்ற ஆளு ஆத்தா. நெசத்துல அப்படி ஒருத்தர் இல்ல."

"இல்லாத ஆளுக்கு எப்படிய்யா அழுகுறது? பொண்டாட்டி முந்திப் போனவளா, பிந்தி இருக்கவளா? புள்ளைக எத்தன? எதுவுந் தெரியாம எதைச் சொல்லி அழுகுறது? பேரு இல்லாம அழுதா தொண்டையில இருந்துதான் வரும். வயித்துல இருந்து வராது."

பெஞ்சிலிருந்து கருப்பையா அண்ணன் பேசினார். தாடைக்கட்டோடு பேசியதால் பல்லைக் கடித்த மாதிரி வந்தது.

"எம்பேரையே சொல்லி அழுதுட்டுப் போ ஆத்தா. நாளைக்கு நெசமா அழுக வரையில பழகுனதா இருக்கும்."

"வாயில நல்ல வார்த்த வராதா உங்களுக்கு? சரி, சொல்லுங்க. பொண்டாட்டி?"

"போயி எட்டு வருசமாச்சு."

"புள்ளைக?"

"ஒரே மக. அரியக்குடியில கட்டிக் குடு..." நிறுத்தினார். "அரியக்குடியில இருக்கு."

"வரப்போக உண்டா?"

"இல்ல."

"எத்தன வருசமா?"

"மூணு."

பெரியாத்தா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "போதும்யா. இது போதும்" என்றார். மகள் பேரைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அந்த மகளை எனக்குத் தெரியும். பேரை மாற்றிக்கூட இங்கே எழுத மாட்டேன். அவள் கல்யாணத்துக்கு வீடியோ எடுத்தது நான். அப்பாவுக்குப் பிடிக்காத இடத்தில் அவளாகப் பார்த்துக் கட்டிக்கொண்டாள். அப்பா வரவில்லை. அப்பா நிற்க வேண்டிய இடத்தில் எல்லாம் அந்த டேப்பில் ஒரு சித்தப்பா நிற்பார். பெண் அடிக்கடி வாசல் பக்கம் திரும்பிப் பார்ப்பாள். நான் அதை எடிட்டில் வெட்டிவிட்டேன். கல்யாணக் கேசட்டில் அது நன்றாக இருக்காது என்று.

வெட்டத் தெரியாதவன் இல்லை நான். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கதிரேசன் கருப்பையா அண்ணனிடம் கடைசியாகச் சொன்னான்: "அண்ணே, நான் கட்டுன்னு சொல்ற வரைக்கும் கண்ணைத் தெறக்கக் கூடாது. அசையக் கூடாது. என்ன நடந்தாலும்."

"நான் என்னத்துக்கு அசையிறேன்?"

வாசலில் நின்றவர் சங்கை ஊதினார். ஒப்பாரி தொடங்கியது. அந்த வீட்டில் நாலு பக்கமும் தூண், நடுவில் வானம். ஒரு குரல் நாலு குரலாகக் கேட்கும். நாலு பேர் பாடினால் தெருவே கேட்கும்.

*கதவு தெறந்திருக்கு, கண்ணு மூடிக் கெடக்கு*
*பெத்த மக வருவான்னு பெஞ்சியிலே கெடக்கு*

அப்படித்தான் பெரியாத்தா ஆரம்பித்தார். கருப்பையா அண்ணன் பேரும் மகள் பேரும் சேர்த்துச் சேர்த்து வந்தது. மூன்று முறை எடுத்தோம். முதல் முறை லைட் சரியில்லை. இரண்டாம் முறை காக்கா. மூன்றாம் முறை கதிரேசனுக்குத் திருப்தி இல்லை. இதற்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. தெருவில் சத்தம் அடங்கியிருந்தது. நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். ஊர், நிஜச் சாவு என்று நம்பி, துண்டைத் தோளிலிருந்து இறக்கி இடுப்பில் கட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறது என்று எனக்குத் தெரியாது.

டீக்கடைக்காரர் நல்லவர். பக்கத்து போன் பூத்துக்குப் போய், அரியக்குடியில் அவள் வீட்டுக்கு அருகே இருந்த ரைஸ் மில்லுக்கு போன் போட்டுச் சொல்லியிருக்கிறார். மகளுக்குச் சொல்லாமல் இருக்கக் கூடாதே என்று. அவர் செய்ததில் ஒரு தப்பும் இல்லை.

நாலாவது முறை எடுத்துக்கொண்டிருந்தோம். பெரியாத்தா மகள் பேரைச் சொல்லி அழுகிற இடம். வாசலில் தள்ளுமுள்ளு மாதிரி ஒரு சத்தம். சங்கு ஊதுகிறவர் தடுக்கவில்லை. சாவு வீட்டுக்குள் அழுதுகொண்டு வருகிற பெண்ணை யார் தடுப்பார்கள்? அவருக்குக் கதையும் தெரியாது.

கேமராவின் கண்ணாடிக்குள் எல்லாம் கறுப்பு வெள்ளையாகத்தான் தெரியும். அதில் ஒரு பெண் ஓடி வந்தாள். ஒரு காலில் செருப்பு இருந்தது, ஒரு காலில் இல்லை. இடுப்பில் செருகின சேலை அப்படியே இருந்தது. அடுப்படியிலிருந்து எழுந்து வந்தவள். நேராக வந்து அவர் நெஞ்சில் விழுந்தாள்.

"அப்பா... வந்துட்டேம்ப்பா... ஒரு வார்த்த பேசாமப் போயிட்டீகளேப்பா... நீக சொன்னதக் கேட்டிருந்தா நான் இப்படி ஆயிருப்பேனாப்பா... அந்த வீட்டுல ஒருத்தரு, ஒரு நாளு, சாப்பிட்டியான்னு கேட்டதில்லப்பா... நீக ஊட்டி வளத்த வாயிப்பா இது..."

கதிரேசன் யாரையோ ஏற்பாடு செய்திருக்கிறான், என்னிடம் சொல்லவில்லை என்று முதலில் நினைத்தேன். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நினைத்தேன். மூன்று எண்ணுகிற நேரம். அவள் முகத்தைத் திருப்பினாள். தெரிந்துவிட்டது.

தெரிந்த பிறகு நான் செய்ததைச் சொல்கிறேன். ஒரு அடி முன்னால் போனேன். முகத்துக்கு ஜூம் பண்ணினேன்.

அங்கிருந்து கருப்பையா அண்ணன் முகத்துக்குப் போனேன். கண் மூடியே இருந்தது. மூடின கண்ணின் ஓரத்திலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போய்க்கொண்டிருந்தது. அதை இன்னும் கிட்டத்தில் எடுத்தேன். தொழிலில் அவ்வளவு ஆடாமல் நான் ஒரு ஷாட் எடுத்ததில்லை.

கதிரேசன் கட் சொல்லவில்லை. அவன் பக்கம் ஒரு கண் பார்த்தேன். கையை மெதுவாகச் சுழற்றிக்கொண்டிருந்தான். எடு, எடு என்று.

மற்ற மூன்று பெண்களும் பாட்டை ஒவ்வொருத்தராக நிறுத்தினார்கள். பெரியாத்தாவுக்கு முதலில் புரிந்தது. எழுந்தார்.

"நிப்பாட்டுடா. அது அவுக மகடா. நிப்பாட்டுடா நாசமாப் போறவனே."

நான் நிறுத்தவில்லை. அவர் நடந்து வந்து உள்ளங்கையால் லென்ஸை மூடினார். கண்ணாடிக்குள் அந்தக் கையின் ரேகை தெரிந்தது. பிறகு கறுப்பு. அதற்குப் பிறகுதான் விரலை எடுத்தேன்.

பழக்கம் என்று சொல்லித் தப்பிக்கலாம். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரம் பார்த்து கேமராவை நிறுத்தி வைத்திருந்தேன், டேப்பை மிச்சம் பிடிக்க. கட்டிவிட்டார்கள். இன்னொரு முறை கட்டச் சொன்னேன். மாப்பிள்ளையின் மாமா என் சட்டையைப் பிடித்தார். "இன்னொரு தடவ கட்டணுமா? ஒன்னய இன்னொரு தடவ பெத்துக்கச் சொல்லுவமா ஒங்காத்தாள?" என்றார். அன்றிலிருந்து விரலை எடுக்கக் கூடாது என்று கற்றுக்கொண்டேன். எல்லோருக்கும் அந்தக் கதையைச் சொல்வேன், சிரிப்பார்கள். ஆனால் கோட்டையூரில் விரல் நின்றது பழக்கத்தால் இல்லை. வேண்டும் என்றுதான்.

கருப்பையா அண்ணன் எழுந்து உட்கார்ந்தார். நெற்றிக் காசு தரையில் விழுந்து உருண்டு போனது. அந்தப் பெண் அலறினாள். தூண் வரைக்கும் பின்னால் நகர்ந்து போய்விட்டாள். ரவி தண்ணீர் கொண்டுவந்தார். பெரியாத்தா அவளை மடியில் போட்டுக்கொண்டு, "ஒண்ணுமில்ல தாயி, ஒங்கப்பா இருக்காரு, நடிப்புத்தான், இருக்காரு" என்று முதுகைத் தடவினார்.

கொஞ்சம் தெளிந்ததும் அவள் கேட்டது அப்பாவைத்தான்.

"நான் பேசுனது எல்லாம் கேட்டுக்கிட்டா படுத்திருந்தீக?"

அவர் தாடைக்கட்டை அவிழ்த்தார்.

"கேக்கணும் போல இருந்துச்சு ஆத்தா."

அவள் திரும்பினாள். கேமராவைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"எங் கல்யாணத்துக்கும் நீகதான வந்தீக?"

"ஆமா தாயி."

"இப்பப் பேசுனதும் இதுல இருக்கா?"

"இருக்கு."

"என் மாமியா வீட்டுல கேபிள் இருக்குண்ணே. நான் சொன்னது அவுக காதுல விழுந்தா அங்க என்னால குப்ப கொட்ட முடியாது. அழிச்சுருங்கண்ணே."

"அழிச்சுர்றேன் தாயி."

அவள் முகம் கழுவினாள். மாமியார் தேடுவார் என்று உடனே கிளம்பினாள். கருப்பையா அண்ணன் திருநீற்றைக்கூடத் துடைக்காமல் பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடப் போனார். வாசலில் நின்ற கூட்டம் விலகி வழிவிட்டது. ஒருத்தரும் சிரிக்கவில்லை. எங்களைத் திட்டவும் இல்லை. திட்டியிருக்கலாம். பஸ் வரும் வரைக்கும் அப்பாவும் மகளும் பேசிக்கொண்டு நின்றதைத் தூரத்திலிருந்து பார்த்தேன். மூன்று வருசம் கழித்து.

கதை அதோடு முடிந்திருந்தால் நான் இதைச் சிரித்துக்கொண்டு சொல்லலாம்.

எடிட்டிங் என் கடையில். இரண்டு டெக். ஒன்றில் ஓடவிட்டு ஒன்றில் ஏற்றுவது. மறுநாள் மத்தியானம் கதிரேசன் லீவு போட்டுவிட்டு வந்தான். நாற்காலியில் உட்காரவே இல்லை.

"அண்ணே, படத்துல உசுரு இருக்குறது அது ஒண்ணுதான்."

"அழிக்கிறேன்னு சொல்லிருக்கேன் தம்பி."

"அழிக்க வேணாம். சத்தத்த மட்டும் அமத்திருவோம். மேல புல்லாங்குழல் போட்டுருவோம். என்ன சொன்னுச்சுன்னு யாருக்குத் தெரியப்போகுது? யாரோ ஒரு பொண்ணு நடிச்சிருக்குன்னு போயிரும்."

"முகம் தெரியுமே."

"நம்ம கேபிளு அரியக்குடிக்குப் போகாதுண்ணே. அங்குட்டு வேற ஆளு லைன்."

அது உண்மைதான். வயர் போகாது. நான் சரி என்றேன். ஒரு முறைதான் மறுத்தேன். அவன் அதற்குமேல் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை.

கதிரேசன் சொன்னபடியே சத்தத்தை அமத்தி, புல்லாங்குழல் கேசட்டை மேலே ஏற்றினேன். அவன் பார்த்துவிட்டுத் தலையாட்டிவிட்டுப் போய்விட்டான். நான் தனியாக இருந்து இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தேன். அவள் வாய் அசைந்தது, சத்தம் இல்லை. பொம்மை மாதிரி இருந்தது.

புல்லாங்குழலை எடுத்தேன். அவள் குரலைத் திரும்ப ஏற்றினேன். பெரியாத்தா எழுந்து கத்தின இடத்தில் மட்டும் சத்தத்தை அமத்தியே விட்டேன்.

அதைச் செய்தது கதிரேசன் இல்லை. அவனுக்குப் படம் ஓடும்போதுதான் தெரியும். அவனைப் பற்றி ஊரில் வேறு மாதிரிப் பேசுகிறார்கள். நான் மறுத்துச் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

காசுக்காகச் செய்தேன் என்றால்கூட ஒரு காரணம் என்று இருக்கும். கேபிள்காரர் காசு கொடுக்கவில்லை, அவர் நேரம் கொடுத்ததே பெரிசு. எடுத்த ஷாட் நன்றாக இருந்தது. அதை நாலு பேர் பார்க்க வேண்டும் என்று இருந்தது. வேறு காரணம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை படம் ஓடியது. மத்தியானம் நான் பரோட்டாக் கடைக்குப் போனபோது அங்கே அதுதான் பேச்சு.

"யாருப்பா அந்தப் பொண்ணு? பிச்சு ஒதறிருச்சு."

"மெட்ராஸ்ல இருந்து கூட்டியாந்தாகளாம்."

"பொணமாப் படுத்தவரும் சாதாரணமில்ல. கண்ணுல தண்ணி விட்டாரு பாத்தியா? சூசையண்ணே, கிளிசரினா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டான் ஒருத்தன்.

நான் சிரித்தேன். இல்லை என்று சொல்லவில்லை. அன்றைக்குச் சாப்பாடு நன்றாக இறங்கியது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

வயர்தான் அரியக்குடிக்குப் போகாது. கேசட் போகும். படம் நன்றாக இருக்கிறது என்று கேள்விப்பட்டு, அங்கே லைன் நடத்துகிறவர் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். எங்கள் கேபிள்காரர் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அங்கிருந்து சிங்கம்புணரி வரைக்கும் போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

ஒரு மாதம் இருக்கும். கருப்பையா அண்ணன் கடைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அந்த டேப்பு எங்க தம்பி?"

"எந்த டேப்புண்ணே?"

"எம்மக எங்கிட்டப் பேசுன டேப்பு."

எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைத் துண்டில் சுற்றிக்கொண்டார். நான் மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அவ மாமியா நாலு பேரக் கூட்டி ஒக்காத்தி வச்சு அந்தப் படத்தப் பாத்துருக்காக. இவ அங்கதான் ஒக்காந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்துருக்கா. அன்னையில இருந்து மூணு வேளையும் கேக்குறாக தம்பி. தெருவுல இருக்கவுகளுக்குக் கேக்குற மாதிரி. மகாராணி சாப்பிட்டாச்சா, மகாராணி சாப்பிட்டாச்சான்னு. தெருவுல போற வர்றதுகளும் கேக்குதாம். இப்ப அவ சோத்துல கைய வைக்கிறதே இல்லையாம்."

ஓடிக்கொண்டிருந்த டெக்கை அணைத்தேன்.

"மூணு வருசம் கழிச்சு எங்கிட்டப் பேசுனா. எனக்குத்தான பேசுனா? அதத் தூக்கி நீக ஊருக்குக் குடுத்துட்டீக."

அதுவரைக்கும் என்னை அவர் ஒருமையில் பேசுவார். தம்பி, வா, போ என்பார். அன்றைக்குத்தான் நீக என்றார்.

படியிறங்கிப் போனார். அதற்குப் பிறகு கடைப் பக்கம் வந்ததில்லை. நானும் கதைப்படம் எடுக்கவில்லை. கல்யாணம், காதுகுத்து, சர்ச்சில் பிள்ளைகளுக்குப் புதுநன்மை என்று கடைசி வரைக்கும் ஓட்டினேன்.

அவர் நிஜமாகவே இறந்தது அதற்கு ஐந்தாறு வருசம் கழித்து. கேள்விப்பட்டு கோட்டையூருக்குப் போனேன். கையில் ஒன்றும் இல்லை. அப்படியும் என்னைப் பார்த்து வாசலில் நின்ற ஒருத்தர், "வண்டியில கேமரா இருக்கா?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகத்தான் கேட்டார். நான் உள்ளே போகவில்லை. வாசலில் நின்று பார்த்தேன்.

பெரியாத்தாவும் வந்திருந்தார். கூலி வாங்காமல் வந்திருந்தார் என்று சொன்னார்கள். அதே பேர்களைச் சொல்லி அழுதார். மகள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்து அடைத்துக்கொண்டிருந்தாள். உடம்பு குலுங்கியது. சத்தம் வரவில்லை. ஒரு வார்த்தை வரவில்லை.

எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் நின்றார்கள். ஒருத்தி மற்றவளிடம் மெதுவாகச் சொன்னாள்:

"படத்துல அழுதது மாதிரி அழுகலையே."

நான் திரும்பி வந்துவிட்டேன்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது அதிகம் இல்லை. கேமராவைப் பிடித்திருக்கிற விரலுக்கு இரண்டு வேலை. அமுக்குவது ஒன்று, எடுப்பது ஒன்று. அமுக்க எல்லோரும் சொல்லித் தருவார்கள். எடுப்பதை யாரும் சொல்லித் தர மாட்டார்கள், அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்கிற டைரக்டரும் சொல்ல மாட்டார். இன்னொன்று. இந்த இடத்துக்குப் போகாது, இன்னார் பார்க்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டு எதையும் வெளியே விடாதீர்கள். எங்கள் காலத்தில் ஒரு ஆள் பஸ் ஏறிக் கேசட்டைக் கொண்டுபோக வேண்டியிருந்தது. அப்போதே போனது.

போன மாதம் உங்களில் ஒரு தம்பி வீட்டுக்கு வந்தான். சிங்கம்புணரியில் யாரோ பரணைச் சுத்தம் செய்தபோது பழைய கேசட் ஒன்று கிடைத்தது, அதை போனில் ஏற்றிவிட்டோம் என்றான். எனக்குப் போட்டும் காட்டினான். கோடு கோடாக இருந்தது, ஆனால் குரல் நன்றாகக் கேட்டது. "முழுப் படம் வேணாம்ணே. அந்த ஷாட் மட்டும் போதும். இப்பப் போட்டா லட்சம் பேரு பாப்பாக. ஒங்க பேரப் போட்டே விடுறோம். நீங்க சரின்னு சொன்னாப் போதும்" என்றான். நல்ல பையன். மரியாதையாகத்தான் கேட்டான். அன்றைக்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்குத்தான் இவ்வளவும் எழுதினேன்.

அந்தப் பெண் இருக்கிறாள். பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். மாமியார் இல்லை, கேட்க ஆள் இல்லை, இப்போதுதான் நிம்மதியாகச் சாப்பிடுகிறாள் என்று கேள்வி. அந்தப் பேரப்பிள்ளைகள் கையில் போன் இருக்கிறது.

போட வேண்டாம், தம்பி. அழித்துவிடு. நான் ஒரு முறை அழிக்கிறேன் என்று சொல்லிவிட்டுச் செய்யாததை நீ செய்.

வாசலில் இறங்கும்போது, "சின்னதுதானண்ணே, ஒரு நிமிசங்கூட வராது" என்றாய். எனக்குத் தெரியும். எவ்வளவு நீளம் வைக்கலாம் என்று எடிட் பண்ணும்போதே கடிகாரத்தை வைத்து எண்ணியவன் நான். அவள் கதவைத் தாண்டியதிலிருந்து பெரியாத்தாவின் கை வந்து மூடுகிற வரைக்கும்.

நாற்பத்தேழு விநாடி.